ஜெண்டர் ஸ்டடீஸில் பிஹெச்.டி... வேலை, வயது, கல்யாணம் - எல்லாக் கேள்விகளுக்கும் பதில்!

‘‘பெண்களைப் பத்திப் படிக்கிறதுக்கு ஒரு டாக்டர் பட்டமா?’’

பாலினவியலில் ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்று வீட்டில் சொன்னதும் வரும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். அடுத்தது, ‘‘படிச்சு முடிச்சா வேலை கிடைக்குமா?’’. மூன்றாவது கேள்வி பெண்களுக்கு மட்டுமே வரும். ‘‘முடிக்கிறதுக்குள்ள வயசு முப்பதைத் தாண்டிடுமே... கல்யாணம்?’’

மூன்று கேள்விகளையும் கேலியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நான்கைந்து வருட உழைப்பையும் வருமானத்தையும் பணயம் வைக்கும் முடிவு இது. பதில் தெரிந்துகொண்டு இறங்குவதுதான் நல்லது. எம்.ஏ முடித்துவிட்டு யோசித்துக்கொண்டிருப்பவர், கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே மேலே படிக்க நினைப்பவர், குழந்தை பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகு விட்ட படிப்பைத் தொட ஆசைப்படுபவர்... யாராக இருந்தாலும் உங்களுக்கான தகவல்கள் இதோ.

அப்படி என்னதான் படிப்பார்கள்?

நம் எல்லோருக்கும் தெரிந்த விஷயத்திலிருந்தே தொடங்கலாம். வீட்டில் தினமும் சமைப்பது யார்? பெரும்பாலும் பெண். கல்யாண மண்டபத்தில் ஐந்நூறு பேருக்குச் சமைக்கும் தலைமைச் சமையல்காரர் யார்? பெரும்பாலும் ஆண். அடுப்பு ஒன்று, அரிசி ஒன்று. ஆனால், கூலியும் பெயரும் வந்து சேரும்போது ஆள் மாறிவிடுகிறார். இது ஏன், எப்போதிலிருந்து, யாருக்கு லாபம் என்று கேட்டு ஆதாரங்களோடு பதில் தேடுவதுதான் பாலினவியல்.

உடலோடு பிறப்பது ‘பால்’. அந்த உடலுக்குச் சமூகம் எழுதிவைக்கும் வேலை, உடை, நேரம், சம்பளம், பயம் எல்லாம் சேர்ந்தது ‘பாலினம்’. ஆகவே, இது பெண்களைப் பற்றிய படிப்பு மட்டும் கிடையாது. ‘ஆம்பளை அழக்கூடாது’ என்று வளர்க்கப்படும் பையன்களும், திருநங்கையர், திருநம்பியரும் இதற்குள் வருவார்கள். சாதியும் வரும். இந்தியாவில் சாதியைத் தள்ளிவைத்துவிட்டுப் பெண்களின் நிலையைப் புரிந்துகொள்ள முடியாது என்பதை உமா சக்ரவர்த்தி, ஷர்மிளா ரெகே போன்ற அறிஞர்கள் விரிவாக எழுதிக் காட்டியிருக்கிறார்கள்.

இதெல்லாம் வெறும் பேச்சு இல்லை என்பதற்கு ஒரு கணக்கு. மத்திய அரசு 2024-ல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். அதே வேலையில் ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடங்கள். 2019 கணக்கெடுப்பில் இது 299-ம் 97-மாக இருந்தது. ‘வீட்ல சும்மாதான் இருக்கா’ என்ற வார்த்தையின் பின்னால் கிட்டத்தட்ட ஐந்து மணி நேர உழைப்பு ஒளிந்திருக்கிறது. அந்த உழைப்பை எண்ணிப் பார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததில் இந்தத் துறைக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்தியாவுக்கு எப்போது வந்தது?

இந்தியப் பெண்களின் நிலையை ஆராய 1971-ல் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. அந்தக் குழு 1974-ல் ‘சமத்துவத்தை நோக்கி’ என்ற அறிக்கையைக் கொடுத்தது. சுதந்திரம் கிடைத்து கால் நூற்றாண்டுக்குப் பிறகும் பெண்களின் நிலை பல விஷயங்களில் பின்னுக்குப் போயிருக்கிறது, ஆண்-பெண் விகிதம் சரிந்திருக்கிறது என்று புள்ளிவிவரத்தோடு அது சொன்னபோது, படித்தவர்களே அதிர்ந்துபோனார்கள். அதே 1974-ல் மும்பை எஸ்.என்.டி.டி மகளிர் பல்கலைக்கழகத்தில் பெண்ணியல் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. 1981-ல் முதல் தேசிய மாநாடும் அங்கேயே நடந்தது. 1986 தேசியக் கல்விக் கொள்கை இந்தத் துறைக்கு இடம் கொடுத்ததைத் தொடர்ந்து, யு.ஜி.சி உதவியோடு பல பல்கலைக்கழகங்களில் மையங்கள் வந்தன.

அதனால்தான் ஒரே படிப்புக்குப் பல பெயர்கள். தமிழ்நாட்டில் ‘மகளிரியல் துறை’ என்ற பலகை இருக்கும். வேறு ஊர்களில் ‘விமன்ஸ் ஸ்டடீஸ்’, ‘ஜெண்டர் ஸ்டடீஸ்’ என்றிருக்கும். தேடும்போது எல்லாப் பெயர்களிலும் தேடுங்கள்.

நம்ம ஊரிலேயே கொட்டிக்கிடக்கும் கேள்விகள்

‘‘ஆராய்ச்சின்னா பெரிய தியரி எல்லாம் தெரியணுமே’’ என்று பலர் தயங்குவார்கள். தியரி படிக்கத்தான் வேண்டும். ஆனால், கேள்வி பெரும்பாலும் நம் தெருவில்தான் கிடைக்கும்.

ஓர் உதாரணம் பார்க்கலாம். 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டிலேயே பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். 1989-ல் தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்றது. அதற்கு முன்பே திருமணமான மகள்களுக்கு அந்தத் திருத்தம் பொருந்தவில்லை. இந்தியா முழுமைக்குமான திருத்தம் 2005-ல்தான் வந்தது. அதாவது, நாம் பதினாறு வருடங்கள் முந்திக்கொண்டோம்.

சட்டம் இருக்கிறது. ஆனால், உங்கள் சொந்தத்தில் எத்தனை பெண்கள் அண்ணன் தம்பிக்கு ‘விடுதலைப் பத்திரம்’ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்? ‘‘நாலு சென்ட் நிலத்துக்காகப் பொறந்த வீட்டை விட்டுட முடியுமா? நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா வந்து நிக்க அவன்தானே இருக்கான்’’ என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்ட அத்தைகளும் சித்திகளும் எல்லாக் குடும்பத்திலும் உண்டு.

இங்கே ‘பெண்களும் சொத்துரிமையும்’ என்பது தலைப்பு மட்டும்தான். அது இன்னும் ஆய்வுக் கேள்வி ஆகவில்லை. ‘1989-க்குப் பிறகு திருமணமான பெண்கள், குறிப்பிட்ட ஒரு வட்டத்தில், தங்கள் பங்கை விட்டுக்கொடுத்தது எந்தச் சூழலில்? அதற்குப் பதிலாக அவர்கள் எதிர்பார்த்தது என்ன, கிடைத்தது என்ன?’ - இது ஆய்வுக் கேள்வி. இதற்கு எங்கே போகவேண்டும், யாரிடம் பேச வேண்டும், எந்த ஆவணத்தைப் பார்க்க வேண்டும் என்று உடனே தெரிந்துவிடுகிறது பாருங்கள். நல்ல கேள்விக்கு அடையாளமே அதுதான்.

இதுபோல இன்னும் எத்தனையோ! 2021-ல் தொடங்கிய கட்டணமில்லா நகரப் பேருந்துப் பயணம் ஒரு பெண்ணின் வேலை தேடும் எல்லையை எவ்வளவு தூரம் தள்ளிப்போட்டிருக்கிறது? 2023-ல் வந்த கலைஞர் மகளிர் உரிமைத் தொகையின் ஆயிரம் ரூபாயை வீட்டில் எதற்குச் செலவு செய்வது என்று யார் முடிவு செய்கிறார்கள்? 2008-ல் தமிழ்நாட்டில் அமைந்த திருநங்கைகள் நல வாரியம் வயதான திருநங்கையருக்கு எந்த அளவுக்குக் கைகொடுத்திருக்கிறது? ஒவ்வொன்றும் ஒரு தீசிஸுக்கான விதை.

பழைய காலத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகமும், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் புதையல்கள். எழுத்தாளர் அம்பை, 1988-ல் மும்பையில் தொடங்கிய ‘ஸ்பாரோ’ காப்பகம், பெண்களின் வாய்மொழி வரலாறுகளையும் படங்களையும் சேர்த்து வைத்திருக்கிறது. மைதிலி சிவராமன், தன் பாட்டி விட்டுச்சென்ற நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் வைத்தே ஒரு புத்தகம் எழுதினார். பரணில் கிடக்கும் தகரப் பெட்டியும் ஆவணம்தான்.

யார் சேரலாம்?

இப்போது நடைமுறையில் இருப்பவை யு.ஜி.சி 2022-ல் வெளியிட்ட பிஹெச்.டி விதிகள். அதன்படி...

* முதுகலையில் 55 சதவிகித மதிப்பெண் தேவை. எஸ்.சி, எஸ்.டி, கிரீமிலேயருக்குள் வராத ஓ.பி.சி, மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் பின்தங்கிய பிரிவினருக்கு 5 சதவிகிதம் தளர்வு உண்டு.

* நான்கு வருட இளநிலைப் பட்டத்தில் 75 சதவிகிதம் எடுத்தவர்களும் நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

* எம்.ஃபில் இப்போது கிடையாது. ‘முதல்ல எம்.ஃபில் போட்டுக்கோ’ என்று யாராவது சொன்னால் அது பழைய அறிவுரை.

* வேலையில் இருப்பவர்கள் பகுதி நேரமாகச் செய்யலாம். அதற்கு வேலை செய்யும் இடத்திலிருந்து என்.ஓ.சி வேண்டும். அஞ்சல் வழியில் பிஹெச்.டி கிடையாது. ‘‘ஆறு மாசத்துல முடிச்சுத் தர்றோம், தீசிஸும் நாங்களே எழுதித் தர்றோம்’’ என்று வரும் வாட்ஸ்அப் விளம்பரங்களை உடனே பிளாக் செய்துவிடுங்கள். பணமும் போகும், பட்டமும் செல்லாது.

எம்.ஏ மகளிரியல் படித்தவர்தான் சேர முடியும் என்பதில்லை. சமூகவியல், வரலாறு, பொருளாதாரம், சமூகப்பணி, தமிழ், ஆங்கிலம் படித்தவர்களையும் பல துறைகள் எடுத்துக்கொள்கின்றன. எந்தெந்தப் பட்டங்களை ஏற்கிறார்கள் என்பது ஒவ்வொரு பல்கலைக்கழக அறிவிப்பிலும் இருக்கும். ஆண்கள் சேரலாமா என்றால், தாராளமாக! பெண்களுக்கென்றே உள்ள நிறுவனங்கள் தவிர மற்ற இடங்களில் எந்தத் தடையும் இல்லை.

எங்கே படிக்கலாம்?

தமிழ்நாட்டில் கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் (1984-ல் தொடங்கப்பட்டது), திருச்சி பாரதிதாசன், காரைக்குடி அழகப்பா, கோவை பாரதியார் பல்கலைக்கழகங்களில் மகளிரியல் துறைகள் இருக்கின்றன. பக்கத்தில் புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்தில் பெண்ணியல் மையம் உண்டு.

வெளி மாநிலம் போகத் தயார் என்றால் மும்பை டிஸ், டெல்லி ஜே.என்.யூ, டெல்லி அம்பேத்கர் பல்கலைக்கழகம், ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம், கொல்கத்தா ஜாதவ்பூர், புனே சாவித்ரிபாய் பூலே பல்கலைக்கழகம் போன்றவற்றைப் பார்க்கலாம். வெளிநாட்டில் லண்டனில் எல்.எஸ்.இ, சோவாஸ் இரண்டிலும் பாலினவியலுக்கெனத் தனித் துறையும் மையமும் உள்ளன. ஆனால், உதவித்தொகை உறுதியாகாமல் கடன் வாங்கி வெளிநாட்டு பிஹெச்.டி-க்குப் போவது ஆபத்தான கணக்கு.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். பாலினம் பற்றி ஆராய மகளிரியல் துறையில்தான் சேர வேண்டும் என்றில்லை. விடுதலைப் பத்திரம் பற்றிய அதே ஆய்வைப் பொருளாதாரத் துறையிலும், சமூகவியல் துறையிலும் செய்யலாம். இது ஏன் முக்கியம் என்பதை வேலை பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

நுழைவுத் தேர்வும் நெட்டும்

இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, பல்கலைக்கழகமே நடத்தும் நுழைவுத் தேர்வு. இதில் பாதிக் கேள்விகள் ஆராய்ச்சி முறையியலிலிருந்தும், மீதி பாடத்திலிருந்தும் வரும். தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்ற கணக்கில் மதிப்பெண் போடுவார்கள்.

இன்னொன்று யு.ஜி.சி நெட். இதில் ‘விமன் ஸ்டடீஸ்’ தனிப் பாடமாகவே இருக்கிறது. பாட எண் 74. முதல் தாளில் 50 கேள்விகள், இரண்டாம் தாளில் 100 கேள்விகள். மூன்று மணி நேரம். தவறான பதிலுக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள் என்பதால் ஒரு கேள்வியையும் விட்டுவைக்காதீர்கள். 2024 ஜூன் முதல் நெட் மதிப்பெண்ணைப் பிஹெச்.டி சேர்க்கைக்கும் பயன்படுத்தலாம் என்று யு.ஜி.சி அறிவித்திருக்கிறது. உதவித்தொகைக்கான ஜே.ஆர்.எஃப் கிடைக்காவிட்டாலும், அந்த மதிப்பெண்ணை ஒரு வருடத்துக்குள் பிஹெச்.டி விண்ணப்பத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

நேர்காணலில் பெரும்பாலும் கேட்பது, ‘‘ஏன் இந்தத் தலைப்பு, இதில் புதிதாக நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள்?’’ என்பதுதான். ‘பெண்களுக்கு சேவை செய்யணும்’ என்ற பதில் அங்கே எடுபடாது. உங்கள் தலைப்பில் இதுவரை யார் என்ன எழுதியிருக்கிறார்கள், எது விடுபட்டிருக்கிறது என்று சொல்லத் தெரிய வேண்டும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் தீசிஸ்களை இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் ‘சோத்கங்கா’ இணையதளத்தில் ஒரு மாதம் செலவிடுங்கள். ஏற்கெனவே செய்து முடிக்கப்பட்ட தலைப்பைத் தூக்கிக்கொண்டு போகும் சங்கடம் இருக்காது.

கையில் காசு வருமா?

வீட்டில் சம்மதம் வாங்க இந்த ஒரு பத்தி உதவும்!

ஜே.ஆர்.எஃப் கிடைத்தால், முதல் இரண்டு வருடங்களுக்கு மாதம் 37,000 ரூபாய், அதற்குப் பிறகு 42,000 ரூபாய். இந்தத் தொகை 2023 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. விடுதி வசதி இல்லாவிட்டால் வீட்டு வாடகைப் படி தனி. ஜே.ஆர்.எஃப்-க்கு வயது வரம்பு 30. பெண்களுக்கு ஐந்து வருடத் தளர்வு உண்டு. ‘முப்பது ஆயிடுச்சே’ என்று நீங்களாகவே ஒதுங்கிவிடாதீர்கள்.

உடன்பிறந்தவர் இல்லாத ஒற்றைப் பெண் குழந்தையா நீங்கள்? யு.ஜி.சி-யின் சாவித்ரிபாய் ஜோதிராவ் பூலே உதவித்தொகை உங்களுக்கானது. பட்டியலினத்தவர், பழங்குடியினருக்குத் தனித் தேசிய உதவித்தொகைகள் இருக்கின்றன. சமூக அறிவியல் ஆய்வுகளுக்கு ஐ.சி.எஸ்.எஸ்.ஆர் உதவித்தொகை இருக்கிறது. தமிழ்நாடு அரசும் முதலமைச்சர் பெயரில் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்குகிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் இல்லாமல் சேருபவர்களுக்கும் மாதம் 8,000 ரூபாய் உண்டு.

இவற்றில் எதுவும் இல்லாமல் சேர்ந்தால்? கட்டணம், களப்பயணம், புத்தகம், டைப்பிங், பைண்டிங் எல்லாம் கைக்காசுதான். உதவித்தொகையும் மாதாமாதம் முதல் தேதியே வரும் என்று எதிர்பார்க்க முடியாது. சில மாதங்கள் சேர்ந்து வரலாம். எனவே, குறைந்தது ஆறு மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கி வைத்துவிட்டுச் சேருங்கள்.

கைடு அமைவதெல்லாம்...

பிஹெச்.டி-யில் பாதி வெற்றி ஆய்வு நெறியாளர் கையில். ஒரு பேராசிரியர் அதிகபட்சம் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும்தான் வழிகாட்டலாம். பணி ஓய்வுக்கு மூன்று வருடங்களுக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக ஆள் எடுக்க முடியாது. ஆகவே, உங்களுக்குப் பிடித்த கைடிடம் இடம் காலியாக இருக்கிறதா என்று முன்கூட்டியே மெயில் அனுப்பிக் கேளுங்கள்.

அவர் எழுதிய கட்டுரைகள் இரண்டையாவது படியுங்கள். பிறகு, அவரிடம் இப்போது ஆய்வு செய்பவர்களிடம் பேசுங்கள். ‘‘அவங்க கையில அத்தியாயம் கொடுத்தா எத்தனை நாள்ல திருத்தி வரும்? இதுவரை எத்தனை பேர் முடிச்சிருக்காங்க? ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத வேலைகள் சொல்வாங்களா?’’ - இந்த மூன்றையும் கேட்டுவிட்டாலே போதும், விஷயம் புரிந்துவிடும். பேரும் புகழும் உள்ள ஒருவர் மாதத்தில் ஒரு நாள்கூடப் பேசக் கிடைக்காமல் போகலாம். அவ்வளவாகப் பெயர் தெரியாத ஒருவர் உங்கள் ஒவ்வொரு வரியையும் படித்துத் திருத்தித் தரலாம்.

அத்துமீறல் நடந்தால்? பெண்களின் உரிமை பற்றிப் படிக்கும் துறை என்பதாலேயே அங்கே எல்லாம் சரியாக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். எல்லா உயர்கல்வி நிறுவனத்திலும் உள் புகார்க் குழு இருந்தே ஆகவேண்டும். ஆய்வு மாணவர்களும் அதில் புகார் கொடுக்கலாம். சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பது பொதுவான விதி. நியாயமான காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதங்கள் அவகாசம் கிடைக்கும். மெசேஜ், மெயில் எதையும் அழிக்காதீர்கள். ‘என் தீசிஸ் அவர் கையில இருக்கே’ என்ற பயம்தான் பலரின் வாயை அடைக்கிறது. கைடை மாற்றிக்கொள்ளப் பல்கலைக்கழகங்களில் வழி இருக்கிறது. தேதியோடு எழுத்தில் கேளுங்கள்.

வருடங்கள் எப்படி ஓடும்?

முதலில் கோர்ஸ் ஒர்க். 12 முதல் 16 கிரெடிட். ஆராய்ச்சி முறை, ஆய்வு நெறிமுறை எல்லாம் வகுப்பாக நடக்கும், தேர்வும் உண்டு. 55 சதவிகிதம் எடுத்தால்தான் மேலே தொடர முடியும். இதற்குள் உங்கள் ஆய்வுத் திட்டம் உறுதியாக வேண்டும். பிறகு களப்பணி, அல்லது ஆவணக் காப்பகம். அதன் பிறகு எழுத்து. ஒவ்வொரு செமஸ்டரும் ஆலோசனைக் குழுவின் முன் என்ன செய்தீர்கள் என்று சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பேச்சில் ‘டி.சி மீட்டிங்’.

தீசிஸைக் கொடுத்ததும், வெளியிலிருந்து குறைந்தது இரண்டு பேர் மதிப்பிடுவார்கள். அதற்கு முன் காப்பி அடித்திருக்கிறீர்களா என்று மென்பொருள் சோதிக்கும். கடைசியில் எல்லோர் முன்னாலும் வைவா. சில வருடங்களுக்கு முன்வரை தீசிஸ் கொடுக்குமுன் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்றிருந்தது. 2022 விதிகளில் யு.ஜி.சி அதைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால், உங்கள் பல்கலைக்கழகம் கேட்கலாம். எதுவானாலும், காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்கள் பக்கம் போகாதீர்கள்.

தமிழில் தீசிஸ் எழுதலாமா என்பதையும் சேரும்போதே கேட்டுவிடுங்கள். இடத்துக்கு இடம் விதி மாறும். படிக்க வேண்டிய புத்தகங்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் என்பதால் முதல் வருடம் மூச்சு முட்டத்தான் செய்யும். ஒரு பக்கத்தைப் படித்து அதன் சாரத்தைத் தமிழில் நான்கு வரி எழுதிவைக்கும் பழக்கம் பெரிய உதவி. வ.கீதா போல இரண்டு மொழிகளிலும் எழுதுபவர்களைப் படிப்பதும் பாலமாக இருக்கும்.

கல்யாணம், குழந்தை... விதி என்ன சொல்கிறது?

மூன்றாவது கேள்விக்கு வந்துவிட்டோம். இதைப் பலரும் கேட்டுத் தெரிந்துகொள்வதே இல்லை என்பதால் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

பிஹெச்.டி-க்குக் குறைந்தபட்சம் மூன்று வருடங்கள், அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு. பெண்களுக்கும், 40 சதவிகிதத்துக்கு மேல் உடல் குறைபாடு உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் இன்னும் இரண்டு வருடத் தளர்வு கொடுக்கலாம். ஆக மொத்தம் பத்து வருடங்கள் வரை.

மகப்பேறு விடுப்பு, குழந்தை பராமரிப்பு விடுப்பாக மொத்தம் 240 நாள்கள் வரை எடுத்துக்கொள்ளலாம்.

கல்யாணமாகி வேறு ஊருக்குப் போக நேர்ந்தால், செய்த ஆய்வை அந்த ஊரிலுள்ள பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்ளவும் யு.ஜி.சி விதியில் இடம் இருக்கிறது. பழைய கைடுக்கும் நிறுவனத்துக்கும் உரிய அங்கீகாரம் கொடுக்க வேண்டும், நிதி நிறுவனத்தின் திட்டத்தில் சேர்ந்த ஆய்வாக இருக்கக் கூடாது என்பவை நிபந்தனைகள்.

விதி இருந்தாலும் அலுவலகத்தில், ‘‘அப்படியெல்லாம் இல்லம்மா’’ என்ற பதில் வரலாம். யு.ஜி.சி விதிகளின் பிரதியைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பேச்சைக் குறைத்து, கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

வீட்டிலும் ஓர் ஒப்பந்தம் தேவை. ஆராய்ச்சி என்பது வெளியே பார்க்கிறவர்களுக்கு ‘சும்மா புக்கை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பது’ போலத் தெரியும். ‘‘வீட்லதானே இருக்கே, கேஸ் சிலிண்டர் வரும், வாங்கி வெச்சுடு’’ என்பதில் தொடங்கி உங்கள் காலை நேரம் கரைந்துவிடும். தினமும் மூன்று மணி நேரம் என் நேரம் என்று சேரும் முன்பே பேசி முடிவு செய்துவிடுங்கள். அந்த 289 நிமிடக் கணக்கு மற்றவர்களுக்கு மட்டும் இல்லை, உங்களுக்கும் பொருந்தும்!

களத்தில் கவனம்

இந்த ஆய்வில் நீங்கள் கேட்கப்போவது மனிதர்களின் ரணமான கதைகள். அடி வாங்கியது, ஏமாற்றப்பட்டது, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது. ஒருவர் நம்பிச் சொன்னதை நீங்கள் எழுதியபின் அவர் வீட்டுக்குப் பிரச்னை வந்துவிடக் கூடாது. பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ஊர், தொழில், குழந்தைகளின் எண்ணிக்கை எல்லாம் சேர்ந்தால் சின்ன ஊரில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். எதற்காகக் கேட்கிறீர்கள், எங்கே வெளியாகும் என்பதை அவருக்குப் புரியும் மொழியில் சொல்லி சம்மதம் வாங்குங்கள். பாதியில் ‘வேணாம்மா, இதை எழுதாதே’ என்றால் எழுதக் கூடாது. எவ்வளவு அருமையான தகவலாக இருந்தாலும் சரி.

அந்தக் கதைகள் உங்கள் தூக்கத்தையும் பாதிக்கும். மனம்விட்டுப் பேச ஒரு தோழியோ, தேவைப்பட்டால் ஓர் ஆலோசகரோ இருப்பது அவசியம்.

சரி, வேலை?

பூசி மெழுகாமல் சொல்ல வேண்டும். மகளிரியல் துறைகள் எண்ணிக்கையில் குறைவு. எனவே, உதவிப் பேராசிரியர் இடங்களும் குறைவு. பல மையங்களில் தற்காலிக, ஒப்பந்தப் பணிகளே அதிகம். பிஹெச்.டி முடித்த மறுநாளே கல்லூரி வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்ச்சி குறைந்தபட்சத் தகுதி. பிஹெச்.டி கட்டாயமில்லை என்று 2023-ல் யு.ஜி.சி தெளிவுபடுத்தியது. ஆனாலும் போட்டியில் பிஹெச்.டி உங்களை முன்னே நிறுத்தும். முன்பு சொன்ன விஷயத்துக்கு இப்போது வருகிறேன். வேலைக்கான அறிவிப்பில் ‘சம்பந்தப்பட்ட பாடத்தில் பட்டம்’ என்றிருக்கும். நீங்கள் எம்.ஏ வரலாறு படித்தவர் என்றால், வரலாற்றுத் துறையிலேயே பெண்கள் பற்றிய தலைப்பில் பிஹெச்.டி செய்தால் வரலாற்றுப் பேராசிரியர் பணிகளுக்கான கதவு திறந்தே இருக்கும். மகளிரியல் துறையில் செய்தால், படிப்பின் ஆழம் கூடலாம், ஆனால் கதவுகளின் எண்ணிக்கை குறையலாம். எது உங்களுக்கு முக்கியம் என்று யோசித்து முடிவெடுங்கள். முடிந்தால் இரண்டு பாடங்களிலும் நெட் எழுதி வையுங்கள்.

கல்லூரிக்கு வெளியேயும் இடம் இருக்கிறது. தொண்டு நிறுவனங்கள், ஐ.நா அமைப்புகளின் திட்டங்கள், அரசுத் திட்டங்களை மதிப்பிடும் ஆய்வு நிறுவனங்கள், கொள்கை ஆய்வு மையங்கள், ஊடகம், பதிப்பகம் என்று பட்டியல் நீளும். நிறுவனங்களின் உள் புகார்க் குழுக்களில் வெளி உறுப்பினர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது 2013 சட்டம். பெண்கள் பிரச்னையில் அனுபவம் உள்ளவர்களுக்கு அங்கேயும் தேவை இருக்கிறது. இந்த வேலைகளுக்குப் பட்டத்தைவிட, புள்ளிவிவரங்களைக் கையாளத் தெரிவது, நேர்காணல் எடுக்கத் தெரிவது, இரண்டு மொழிகளில் தெளிவாக அறிக்கை எழுதத் தெரிவது ஆகியவையே முக்கியம். ஆய்வுக் காலத்திலேயே இவற்றைக் கற்றுக்கொள்ளுங்கள்.

யார் சேர வேண்டாம்?

‘பேருக்கு முன்னால டாக்டர் போட்டா நல்லா இருக்கும்’ என்பதற்காகவோ, கல்யாணத்தைத் தள்ளிப்போடவோ, அடுத்து என்ன செய்வதென்று தெரியாததாலோ சேர்ந்தால் இரண்டாவது வருடத்திலேயே அலுத்துவிடும். அந்த வருடத்தில்தான் பாராட்ட ஆள் இருக்காது, தோழிகள் சம்பளம் வாங்கிக்கொண்டிருப்பார்கள், தீசிஸில் முப்பது பக்கம்கூடத் தேறியிருக்காது. அப்போது உங்களை நாற்காலியில் உட்காரவைக்கும் ஒரே விஷயம், உங்களை விடாமல் துரத்தும் அந்தக் கேள்விதான்.

அப்படி ஒரு கேள்வி உங்களிடம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன வழி. ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில், தெருவில், வேலையிடத்தில் ‘இது ஏன் இப்படி?’ என்று தோன்றுவதை ஒரு மாதம் தினமும் ஒரு வரி எழுதுங்கள். மாதக் கடைசியில் படித்துப் பாருங்கள். ஒரே விஷயம் நான்கைந்து முறை திரும்பத் திரும்ப வந்திருந்தால் உங்கள் தலைப்பு அதுதான். அதை எடுத்துக்கொண்டு சோத்கங்காவில் தேட ஆரம்பியுங்கள். அடுத்த நெட் அறிவிப்பு வரும்போது, விண்ணப்பப் படிவத்தில் எந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுப்பது என்ற குழப்பம் இருக்காது.

வாழ்த்துகள் தோழிகளே... தோழர்களே!